வைத்தீஸ்வரன் சார் சொன்ன விளக்கு

சிரிக்கத்தான் போகிறீர்கள் அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே இல்லை. இப்போதே சொல்லிவிட்டால் காரியாபட்டி வருவதற்குள் தீர்ந்துபோகும். அப்புறம் மிச்ச வழிக்கு இரண்டு பேரும் சன்னலைப் பார்த்துக்கொண்டு வரவேண்டியதுதான். அதனால் சிரிப்பு கடைசியில். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

இந்தப் பெட்டி இடிக்கிறதா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே வைக்கலாமே என்றுதானே கேட்டீர்கள்? வைக்கலாம். எல்லாரும் வைக்கிறார்கள். அந்த லுங்கிக்காரர் கிரைண்டர் கல்லையே மேலே வைத்திருக்கிறார். நான் மட்டும் வைக்கக்கூடாது. மாட்டுத்தாவணியில் ஏறினதிலிருந்து இது என் மடியில்தான். வலது கால் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஏன் வைக்கக்கூடாது என்பதும் கதையில்தான் வருகிறது.

கொஞ்சம் மெல்லப் பேசிக்கொள்வோம். அதோ, மூன்று சீட்டுக்கு முன்னால், சன்னலோரம், பச்சைத் துண்டு தெரிகிறதா? அவர்தான். பெயர் இருளப்பன். தொழில், லைட் செட் போடுவது. நான் கட்டிவிட்ட பெயர் இல்லை அக்கா, சத்தியமாக. ‘இருளப்பன் ஒலி ஒளி’ என்று அவருடைய லோடு ஆட்டோவின் முதுகிலேயே எழுதியிருக்கும். எங்கள் அப்பாவும் அவரும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அதனால் எனக்குப் பெரியப்பா. இந்தப் பெரியப்பாவைத்தான் நான் பதினைந்து நாளாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏமாந்துகொண்டே இருக்கிறார். தூங்குகிறார் பாருங்கள், பால் குடித்த பிள்ளை மாதிரி.

நான் சௌடாம்பிகா. வீட்டில் சௌடு. பதினொன்றாம் வகுப்பு. எனக்குப் படிப்பு சுமார், கோலம் மோசம், சமையல் கேட்கவே வேண்டாம். எனக்கு வருவது ஒன்றே ஒன்று. யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அந்தக் குரல் என் தொண்டைக்குள் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். இந்தக் கண்டக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். “உள்ள ஏறி வாங்க, உள்ள ஏறி வாங்க, படியில என்ன பொண்ணு பாக்கவா நிக்கிறீக?” பார்த்தீர்களா, அவரே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கிறார், தான் எப்போது பேசினோம் என்று.

இந்தக் குரலால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஜூலையில் ஒருநாள், விளையாட்டு விழா ஒத்திகைக்காக மைக் செட் போட்டிருந்தார்கள். மைக் சும்மா கிடந்தது. நானும் சும்மா இருந்தேன். எங்கள் பெரிய டீச்சர் அன்னபாக்கியம் இருக்கிறாரே, தலைமை ஆசிரியை, அவர் குரல் ஒவ்வொரு சொல்லுக்கும் இஸ்திரி போட்ட மாதிரி வரும். “மாணவியர் கவனத்திற்கு. கனமழை காரணமாக, இன்று பள்ளி, இத்துடன், விடுமுறை.” அவ்வளவுதான் சொன்னேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது அக்கா. ஒருத்தியாவது வானத்தைப் பார்க்க வேண்டுமே! எட்டாம் வகுப்பு ‘பி’ முழுசாக வீட்டுக்குப் போய்விட்டது. டீச்சரிலேயே இரண்டு பேர் குடை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 

அந்த மைக் செட்டும் இவருடையதுதான். நான் பேசும்போது பக்கத்தில்தான் குத்தவைத்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

பெரிய டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். அப்பாவை வரவழைத்தார். அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததில் எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. நல்லவேளை, எங்கள் இயற்பியல் டீச்சர் திலகவதி நடுவில் வந்தார். “மேடம், இந்த வாயை நாம வேற வேலைக்கு வச்சுக்கலாமே” என்றார். அப்படித்தான் இந்தப் பொம்மலாட்டம் வந்தது.

சாதாரணப் பொம்மலாட்டம் இல்லை. மேடை முழுக்கக் கறுப்புத் துணி. பொம்மை பிடிக்கிற பிள்ளைகள் ஆறு பேரும் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை கறுப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது, புற ஊதாக் கதிர். அதை மேடையில் அடித்தால் கறுப்பெல்லாம் கறுப்பாகவே கிடக்கும். அந்தக் கதிருக்கு மினுங்குகிற பெயிண்ட் அடித்த பொம்மைகள் மட்டும் ஆளே இல்லாமல் காற்றில் நீந்தும். ஐந்து மீன், ஒரு நண்டு. கடலுக்கு அடியில் நடக்கிற கதை. ஆறு பேருக்கும் குரல் நான்தான். நண்டுக்குக் கறிக்கடைக்காரர் குரல் வைத்திருக்கிறேன். பெரிய மீனுக்கு ரேஷன் கடை அம்மா. சனிக்கிழமை ஆண்டு விழா. ஊரே வரும்.

இதுவரைக்கும் நான் குரல் எடுத்தால் அடிதான் விழுந்திருக்கிறது அக்கா. முதல்முறையாகக் கைதட்டப் போகிறார்கள். அப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், முன்வரிசைக்கே. எனக்கு அது வேண்டும். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆனால் பெரிய டீச்சர் இரண்டு முடிச்சுப் போட்டார். “இனி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ அடுத்தவர் குரலில் யாரையாவது ஏமாற்றினாய் என்று என் காதில் விழுந்தால், பொம்மைக்கு வேறு பிள்ளை பேசும்.” இது ஒன்று. “வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் விளக்கு சரியாக வரவில்லை என்றால் பொம்மலாட்டமே கிடையாது. கும்மி.” இது இரண்டு. இன்று என்ன கிழமை? ஆமாம்.

விளக்குப் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? பச்சைத் துண்டிடம்.

முதல் ஒத்திகைக்குக் கல்யாண மண்டபத்தில் போடுகிற ஊதா ஃபோகஸ் லைட் நாலு கொண்டுவந்தார். போட்டார். ஆறு பிள்ளைகளும் ஆறு கத்திரிக்காய் மாதிரி பளிச்சென்று தெரிந்தார்கள். மீன் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. இரண்டாவது ஒத்திகைக்கு டியூப்லைட்டில் ஊதாக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். மேடை பூராவும் நாவற்பழத்தை நசுக்கிவிட்ட மாதிரி ஆனது. கடலும் இல்லை, அடியும் இல்லை.

நான் யூடியூபில் பார்த்துப் பார்த்துக் கண் வீங்கிப்போய்ச் சொன்னேன். பெரியப்பா, இது ஊதா பல்பு இல்லை. கதிருக்கு நம்பர் இருக்கிறது. முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று போட்டிருந்தால் ஊதா வெளிச்சம் கசியும், ஆள் தெரிந்துவிடும். முந்நூற்று அறுபத்தைந்து பார்த்து வாங்க வேண்டும் என்றேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: “பாப்பா, முப்பது வருசமா லைட்டு போடுறேன். மாரியம்மன் பொங்கலுக்கு மயில் தோகைய விரிச்சு மூடுற மாதிரி போட்டவன் நானு. லைட்டுக்கு எதுக்குத்தா நம்பரு? அது என்ன டவுன் பஸ்ஸா?”

சொல்லுங்கள், எரியுமா எரியாதா?

நான் சொன்னால் ஏறாது. சரி, யார் சொன்னால் ஏறும்? பெரிய ஊர் ஆள் சொன்னால் ஏறும். ஆம்பிளைக் குரல் சொன்னால் ஏறும். அன்று சாயங்காலம் அம்மாவின் பழைய போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். செய்தி வாசிக்கிறவர் பாதி, வங்கி மேனேஜர் பாதி, மூக்கில் கொஞ்சம் சளி. குரல் தயார். “வணக்கம். நான் சென்னையிலிருந்து வைத்தீஸ்வரன், மேடை விளக்கு இன்ஜினியர். உங்க ஸ்கூல்ல இருந்து என்கிட்ட ஆலோசனை கேட்டிருந்தாங்க. நீங்கதானே மிஸ்டர் இருளப்பன்?”

அந்தப் பக்கம் போனைத் துணியில் பொத்தின மாதிரி ஒரு சரசரப்பு. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் இன்னும் பலமாக ஒரு இருமல். பயந்துவிட்டார் மனுஷன். “ஐயா, வணக்கங்கய்யா. இன்ஜினியருங்களாய்யா? நம்ம மாதிரி ஆளுக்கெல்லாம் போன் போடுறீகளே, எம்புட்டுப் பெரிய மனசுங்கய்யா உங்களுக்கு. சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

முந்நூற்று அறுபத்தைந்து என்றேன். “ஆகட்டுங்கய்யா” என்றார். நான் சொன்னபோது டவுன் பஸ், இன்ஜினியர் சொன்னால் ஆகட்டும்! அதோடு வைத்திருக்க வேண்டும். வைத்தேனா? நாக்கு சும்மா இருக்குமா? “அப்புறம் மிஸ்டர் இருளப்பன், விளக்கைச் சோதிக்கிறவர் முதலில் அரைமணி நேரம் கும்மிருட்டில் உட்காரணும். கண் பழகணும். ஜெர்மனியில் அப்படித்தான்” என்று ஒரு பிட்டைப் போட்டேன். இவர் எங்கேயாவது இருட்டில் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆசை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “பாப்பா, சென்னையில இருந்து இன்ஜினியர் ஐயா பேசுனாரு. இருட்டுக்குப் பழகுன கண்ணு வேணுமாம். எனக்கு வயசாயிருச்சு, இனிமே எங்க பழக? நீ போயி ஸ்டோர் ரூம்ல உக்காரு.” திலகவதி டீச்சர் வேறு, “சரியாத்தான் சொல்லியிருக்கார், போ சௌடு” என்கிறார். உடைந்த பெஞ்சுக்கு நடுவில், பல்லியோடு, அரைமணி நேரம். வெளியே இவர் கதவுக்குக் காவலாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். 

நீங்கள் ஏன் அக்கா இப்போதே சிரிக்கிறீர்கள்? சிரிப்பு இன்னும் வரவில்லை. இது சோகக் கட்டம்.

ஒன்று சொல்லவேண்டும், அவர் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. நகைக்கடையிலிருந்து ஒரு சின்ன விளக்கு இரவல் வாங்கிவந்தார், நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று பார்ப்பார்களே, அது. அது சரியான கதிர். ஆனால் உள்ளங்கை அளவுதான். அதை வைத்து மேடையின் ஒரு மூலையை இருட்டாக்கிப் பார்த்தோம். ஐயோ அக்கா! ஆரஞ்சு மீன் ஒன்று, ஆள் இல்லாமல், கம்பி இல்லாமல், அப்படியே நழுவிப் போனது. அந்த ஒரு நிமிஷம் நான் யார் குரலிலும் பேசவில்லை.

அடுத்த நிமிஷம் வந்தது வினை. மீனுக்குப் பின்னால் ஒரு வேட்டி நடந்துபோனது. வேட்டி மட்டும். நீலமாக, பளபளவென்று, இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நம் பெரியப்பாதான். சலவை வேட்டி. சோப்புத்தூளில் வெள்ளை கூட்டுகிற மருந்து போடுகிறார்களாம், அது இந்தக் கதிரில் எரியும் என்று டீச்சர் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்ததும் இருட்டில் ஆறு வரிசைப் பல் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் கறுப்புத் துணியெல்லாம் வானம் மாதிரி ஒரே புள்ளி. பஞ்சுத் தூசி. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி, பஞ்சு இல்லாத துணிக்கு எங்கே போவது?

அன்று சாயங்காலம் இன்ஜினியர் போன் போட்டார். நான்தான். “தூசியை ஒவ்வொன்றாக, கையால் எடுக்கணும் மிஸ்டர் இருளப்பன். அவசரப்படக்கூடாது.” இவர் ராத்திரி பகலாகத் தூசி எடுக்கட்டும் என்று. அவர் கேட்டார்: “ஐயா, எனக்கு விரலு தடிமன். சின்ன விரலா இருந்தா நல்லதுங்களாய்யா?” நான் ஒரு வேகத்தில், “ஆமாம், சின்ன விரல்தான் நல்லது” என்றுவிட்டேன்.

யாருடைய விரல் என்று நினைக்கிறீர்கள்? கறுப்புத் துணி பத்தொன்பது மீட்டர் அக்கா. மூன்று நாள். கண்ணைத் திறந்தாலும் தூசி, மூடினாலும் தூசி.

இதை நிறுத்தவேண்டும் என்று மறுபடி போன். “மிஸ்டர் இருளப்பன், குரல் கொடுக்கிற பிள்ளைக்கு வேலை கொடுக்காதீங்க. அது ஓய்வெடுக்கணும். தொண்டை முக்கியம்.” அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரகசியம் மாதிரி: “ஐயா, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அந்தப் பிள்ளை சும்மா இருந்துச்சுன்னா எங்கனயாச்சும் போனு போட்டு யாரையாச்சும் ஏச்சுக்கிட்டுத் திரியும். வேலை இருந்தாத்தான் அடங்கும்.” என்னிடமே என்னைப் பற்றிக் கோள் சொல்கிறார்! நான் உள்ளுக்குள் எவ்வளவு கொதித்திருப்பேன். ஆனால் இன்ஜினியர் கொதிக்கக்கூடாதே. “கவனமா பாத்துக்குங்க” என்று வைத்தேன்.

மறுபடியும் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வருகிறது அக்கா.

தூசி போயிற்று. கடைசி ஒத்திகை. பிள்ளைகளுக்கும், மேடை ஓரத்தில் நின்று குரல் கொடுக்கிற எனக்கும் புதுசாகக் கறுப்பில் தைத்த பாவாடை சட்டை, முகமூடி. போட்டுக்கொண்டு வந்தோம். விளக்கைக் காட்டினால், கடலுக்குள் அங்கங்கே பச்சையும் மஞ்சளுமாகக் கண்கள்! மீன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகின்றன. தோளில் இரண்டு, இடுப்பில் ஒன்று, ஒருத்திக்கு முதுகில் ஐந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வேடிக்கை பார்க்க வந்தது, வீறிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவிட்டது. பெரிய டீச்சர் கதவோரம் நின்று பார்த்தார். போகும்போது கும்மிப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

பெயிண்ட் ஒட்டியிருக்குமோ என்று துவைத்துப் பார்த்தோம். போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பா என் கண் முன்னாலேயே போனை எடுத்தார். “இரு பாப்பா, ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்.” நான் பாத்ரூமுக்கு என்று ஓடினேன். “ஐயா, கடலுக்குள்ள புள்ளி புள்ளியா மினுங்குதுங்கய்யா. என்ன காரணம்?” எனக்கு என்ன தெரியும்? “வோல்டேஜ் பிரச்சனை” என்றேன். “ஆகட்டுங்கய்யா, வோல்டேஜுதான்” என்றார். கூடவே சொன்னார்: “கறுப்புத் துணிங்கய்யா. அதுவும் புதுத்துணி. வயசுப் பிள்ளைக உடுத்துறது. எந்த ஆத்தாளாவது மஞ்சள் வைக்காம குடுத்திருப்பாகளாய்யா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மாவும்தான் வைத்தாள்! கறுப்பு ஆகாது, கண்ணுபட்டுவிடும் என்று ஒரு ஓரத்துக்கு நாலு ஓரம், கூடவே சாமிக்கு ஒன்று. அந்த முதுகில் ஐந்து யார் என்கிறீர்கள்? நான்தான். என் அம்மா மட்டும் இல்லை, மற்ற ஆறு பிள்ளைகளின் அம்மாவும் இதே வேலை. கறுப்பில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. துவைத்தாலும் கறை நூலுக்குள் நின்றுவிடும். இந்தக் கதிர் விடுமா? “நான் சொல்லவந்ததும் அதுதான் மிஸ்டர் இருளப்பன். மஞ்சள். ஜெர்மனியிலும் இதே பிரச்சனைதான்” என்றேன். “அங்கயும் மஞ்சள் வைப்பாகளாய்யா!” என்று ஆச்சரியப்பட்டார். பாவம், எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள்.

மஞ்சள் பட்ட ஓரத்தையெல்லாம் வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தோம். தைத்தது யார்? என்னைக் கேட்காதீர்கள்.

மிச்சம் விளக்குதான். உள்ளங்கை விளக்கு மேடைக்குக் காணாது. மதுரையில்தான் கிடைக்கும். பெரியப்பா போன் போட்டார்: “ஐயா, நீங்களே ஒரு நடை மதுரைக்கு வந்து பாத்து எடுத்துக் குடுங்களேன்.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நான் இப்ப சிங்கப்பூர்ல இருக்கேன்” என்றேன். “அப்ப அந்தப் பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போகவாய்யா? அதுக்கு நம்பரெல்லாம் தெரியுது.” மதுரை! பிரியாணி! ஜிகர்தண்டா! “தாராளமா கூட்டிட்டுப் போங்க” என்றேன். நானே எனக்கு லீவு கொடுத்துவிட்டேன் பார்த்தீர்களா.

போய் இறங்கினோம். பிரியாணியா? பதினொரு கடை அக்கா. உச்சிவெயில். முதல் கடையில், “யூ.வி. தானே தங்கச்சி? இந்தா” என்று கொசு பிடிக்கிற விளக்கை எடுத்து வைக்கிறார். அடுத்த கடையில் நகப்பூச்சு காயவைக்கிற டப்பா. “கை வச்சுப் பாரும்மா, சூடே இருக்காது.” நான் என்ன கல்யாணப் பெண்ணா? இன்னொரு கடையில் டிஸ்கோ லைட்டைச் சுற்றவிட்டு, “இதப் போட்டா மீனு என்ன, திமிங்கிலமே ஆடும்” என்கிறார்கள். எந்தக் கடையிலும் நம்பர் கேட்டால் ஒரே பதில்தான்: “ஊதாதானே, எல்லாம் ஒண்ணுதான்.”

அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு கடையிலும் இவர் மடியிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து, கல்லா மேசைக்கு அடியில் குனிந்து, விளக்கைப் போட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, “எதுக்கும் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்” என்று போனை எடுப்பார். நான் பக்கத்தில் நிற்கிறேன் அக்கா! என் பையில் போன் அதிரும். ஓடுவேன். ஒரு கடையில் தாகம் என்று, ஒரு கடையில் செருப்பு அறுந்தது என்று, ஒரு கடையில் ஒன்றும் சொல்லாமலே ஓடினேன். நின்ற வேனுக்குப் பின்னால், இளநீர் வண்டிக்குப் பின்னால், ஒரு தடவை மாட்டுக்குப் பின்னால். அங்கே நின்றுகொண்டு, மூச்சு இரைக்க இரைக்க, “வணக்கம், வைத்தீஸ்வரன்.”

“ஐயா, சிங்கப்பூர்லயும் மாடு கத்துதுங்களா?”

“இது... இது பூங்கா.”

“ஐயா, தண்ணி சுத்தம் பண்ணுற மிசின்ல போடுற டியூப்ப காட்டுறாக. வாங்கவா?”

எனக்கு ஓட்டத்தில் எதுவும் ஓடவில்லை. “வாங்குங்க, வாங்குங்க.”

“அது கண்ணைக் கெடுத்துரும்னு டீச்சர் சொன்னாகளேய்யா?”

“அதான் சொல்றேன், வாங்காதீங்க.”

திரும்பி வந்தால், துண்டால் விசிறிக்கொண்டு நிற்கிறார். “எங்க போன பாப்பா? இப்பத்தான் ஐயா பேசுனாரு. அவருக்கு என்னமோ மூச்சு வாங்குது, இழுப்புச் சீக்கு இருக்கும் போல. பாவம், நமக்காக அந்த உடம்போட பேசுறாரு.” நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? பத்துப் போன் அக்கா, பத்துக் கடைக்கு. இப்படி ஒரு அப்பாவி உலகத்தில் இருப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நீங்கள் தண்ணீர் குடியுங்கள். புரையேறுகிறது பாருங்கள்.

பதினொன்றாவது கடை மாடியில். ஒரு வயசான பாய் இருந்தார். நம்பரைச் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் உள்ளே போய், நீளமாக, கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு விளக்குக் கட்டையை எடுத்துவந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். போட்டார். விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. பெரியப்பாவின் உள்ளங்கையில் மஞ்சள் கிழங்கு மட்டும் பச்சைத் தணலாக ஜொலிக்கிறது, கை இல்லை, ஆள் இல்லை. “இதுதான்” என்றேன். அவரும் அதே நேரத்தில் “இதுதாந்தா” என்றார். முதல்முறையாக இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. சரி, முடிந்தது, பிரியாணி என்று நினைக்கிறேன், அவர் போனை எடுக்கிறார். மாடியில் எங்கே ஓடுவேன்? கீழே இறங்கி, தெருமுனைக்கு ஓடி... “ஐயா, கிடைச்சிருச்சுங்கய்யா. பஸ்ஸுல மேல போட்டுக் கொண்டுபோகலாமா?” எனக்கு இருந்த எரிச்சலுக்கு, “கூடவே கூடாது! மடியில் வச்சு, அலுங்காமக் கொண்டுபோகணும்” என்று கத்தினேன். அவர் ஐம்பது கிலோமீட்டர் இதைச் சுமக்கட்டும் என்று.

பஸ்ஸில் ஏறினதும் சொன்னார்: “பாப்பா, எனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு. ஐயா சொன்னபடி நீ மடியில வச்சுக்க.”

வைத்திருக்கிறேன். பார்க்கிறீர்கள்.

சரி, நிறையப் பொறுத்துவிட்டீர்கள். இப்போது சிரிப்பு. சனிக்கிழமை ஆட்டம் முடியும். கைதட்டுவார்கள். எல்லா லைட்டையும் போடுவார்கள். மைக் என் கையில்தான் இருக்கும். பெரிய டீச்சர் என்ன செய்ய முடியும், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே! அப்போது நான் வைத்தீஸ்வரன் குரலில், “மிஸ்டர் இருளப்பன், மேடைக்கு வாங்க” என்பேன். அந்த முகம்! அந்த முகத்தை நினைத்துப் பாருங்கள் அக்கா. பதினைந்து நாள், இத்தனை போன், ஒன்றுகூடச் சந்தேகப்படாத அந்த முகம்! வாய் திறந்தது மூடாது, துண்டு தோளிலிருந்து...

இருங்கள், போன்.

அவர்தான்! அவரேதான் அக்கா! துண்டுக்குள்ளிருந்து கை காதுக்குப் போயிருக்கிறது பாருங்கள். தூக்கத்திலிருந்து எழுந்ததும் ஐயாவைத்தான் தேடுகிறார். வாருங்கள், நேரடியாகவே கேளுங்கள். காதை இப்படிப் போனில் ஒட்டி வையுங்கள். சிரித்துவிடக் கூடாது, காரியம் கெட்டுவிடும். ம்க்கும்.

“வணக்கம். வைத்தீஸ்வரன் பேசறேன். இங்க மழை, சுருக்கமா சொல்லுங்க மிஸ்டர் இருளப்பன்.”

“ஐயா, மன்னிக்கணும், தூங்குற நேரத்துல. பாலம் தாண்டியாச்சுங்கய்யா. அடுத்து பள்ளிக்கூட ஸ்டாப்பு. பெட்டிய அலுங்காம தூக்கிக்கிட்டுப் பின்படி வழியா இறங்கிருங்க. அன்னபாக்கியம் டீச்சர் ஸ்டாப்புலயே வந்து நிக்கிறாகளாம், லைட்டப் பாக்க. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. ஆனா இறங்குறதுக்குள்ள சொந்தக் குரலுக்கு வந்துரு தாயி.”

“நல்லது மிஸ்டர் இருளப்பன், அப்படியே...”

அக்கா.

என்ன சொன்னார்? நீங்களும்தானே கேட்டீர்கள்?

அந்தப் பச்சைத் துண்டைப் பாருங்கள். தூங்குகிற ஆளுக்குத் தோள் இப்படியா குலுங்கும்?

எத்தனாவது போனிலிருந்து அக்கா? எத்தனாவது போனிலிருந்து?